இருநூற்றிருபது குறைகளோடு ஒரு விமானம்

போன மாதம் துர்க்கா எனக்குப் போன் எடுத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக என்னோடு வேலை செய்த மெக்கானிக் அவள். இப்போது, நாங்கள் விமானம் திருத்திய அதே ஹேங்கருக்கு அவள்தான் தலைமை. இனி அங்கே தாளே கிடையாதாம். விமானத்தில் எதைத் திருத்தினாலும் டாப்லெட்டில் விரலால் தட்டிவிட்டால் போதுமாம். பழைய தாள்களைப் பெட்டிகளில் அடுக்கும்போது அவளுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. "அங்கிள், நீங்கள் பிளேன் திருத்துற பேப்பரிலை மந்திரம் எழுதிப் பிடிபட்ட கதையை இங்கை பெடியள் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறாங்கள். நடந்ததை எழுதித் தாங்கோவன்" என்றாள்.

மந்திரம் எழுதிப் பிடிபட்டேனாம். முப்பது வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்த ஒருவனைப் பற்றி மிஞ்சியிருக்கிற கதை இதுதான். சரி, பெடியளின் வாயை மூட முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், பிறகு அவர்கள் பாடு. இதில் என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் வருகிறார். உண்மையைச் சொன்னால், அவருக்காகத்தான் எழுதச் சம்மதித்தேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் தொழில்நுட்பம் படித்தேன். கொழும்புக்கு அருகே இரத்மலானை விமானத் திடலில் ஒன்பது வருடம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தேன். ஒரு விமானத்தைத் திருத்தி முடித்து, 'இது பறக்கலாம்' என்று கையெழுத்து வைக்கும் உரிமை எனக்கு இருந்தது. எங்கள் தொழிலில் அந்தக் கையெழுத்துத்தான் எல்லாம். அது இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் ஸ்பானர் பிடிக்கிற கை மட்டுமே. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எங்கள் வீட்டை எரித்தபோது என் சான்றிதழ்களும் வேலைப் பதிவுகளும் அலுமாரியோடு சேர்ந்து எரிந்தன. அந்த வருடக் கடைசியில் நானும் மனைவி சிவமலரும் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது, நான் மெக்கானிக் என்பதற்கு என் வாய் மட்டும்தான் சாட்சி.

ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற். சிவமலருக்கு ஒரு கிழமைக்குள் பிஸ்கட் பெக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. நான் வீட்டில் இருந்து சோறு வடித்தேன். அவள் வேலையால் வந்து, "எஞ்சினியர் ஐயா, இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்பாள். அந்தப் பகிடியைப் பொறுக்க முடியாமல்தான் ஒருநாள் இரண்டு பஸ் மாறி, நகரத்தின் வடக்கு விளிம்பில் இருந்த ஒரு சிறிய விமானத் திடலுக்குப் போனேன். அங்கே ஒரு பறத்தல் பள்ளிக்கூடமும் அதோடு ஒரு திருத்தும் ஹேங்கரும் இருந்தன. அந்த ஹேங்கருக்கு அப்போது தலைமை எஞ்சினியர் ஓடிஸ் கால்டர்.

அறுபதைத் தாண்டிய அமெரிக்கக் கறுப்பர். நெடுவல், ஒல்லி, மூக்கு நுனியில் கண்ணாடி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியிலிருந்து போர் விமானம் ஓட்டியவர் என்று வாசலில் நின்றவனே எனக்குச் சொல்லிவிட்டான். அவருடைய அறைச் சுவரில் ஒரேயொரு படம் இருந்தது. வாலில் சிவப்பு வர்ணம் பூசிய விமானத்துக்கு முன்னால் ஆறு கறுப்பு இளைஞர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். என்ன பகிடி என்று பிறகொருநாள் கேட்டேன். படம் பிடித்தவன் பின்னால் போய்க் குழிக்குள் விழுந்துவிட்டானாம், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்டர் பேசியதெல்லாம் ஆங்கிலம். ஆனால் என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார், அதுவும் என்னை 'நீர்' போட்டு. நான் என்ன செய்ய? அப்படியே எழுதுகிறேன்.

வேலைக்குப் பத்திரங்கள் எங்கே என்று கேட்டார். எரிந்துவிட்டன என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூலையில் தாங்கியில் நின்ற பழைய எஞ்சின் ஒன்றைக் கைகாட்டி, "காட்டும்" என்றார். அவ்வளவுதான் நேர்முகப் பரீட்சை. நான் அதை முழுவதும் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வரிசைப்படி ஒரு வெள்ளைச் சீலையில் அடுக்கி, பின்னேரம் திரும்பப் பூட்டத் தொடங்கினேன். எட்டு வாஷரில் ஒன்றைக் காணவில்லை. மேசைக்குக் கீழே தேடினேன், சப்பாத்தைக் கழற்றி உதறினேன், குப்பை வாளியைக் கவிழ்த்தேன். வேலை முடிந்து எல்லோரும் போகத் தொடங்கிவிட்டார்கள். என் பஸ்ஸும் போய்விட்டது. ஏழு வாஷரோடு பூட்டுகிற எண்ணம் எனக்கு வரவில்லை, வந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை. முக்கால் மணித்தியாலம் கழித்துக் கால்டர் தன் சட்டைப் பொக்கற்றுக்குள் கைவிட்டு அந்த எட்டாவது வாஷரை எடுத்து நீட்டினார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு நல்ல தமிழ்ச் சொல் வாயால் வந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். 'நன்றி' என்றேன்.

அவருக்குக் கீழே வேலை செய்வது சுகமும் இல்லை, கஷ்டமும் இல்லை, ஒழுங்கு. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. 'முடிந்ததா' என்று கேட்டதும் இல்லை. முடித்துவிட்டேன் என்று போய் நின்றால் எழும்பி வந்து, "காட்டும்" என்பார். சின்னக் கண்ணாடியையும் டோர்ச்சையும் என் கையில் தந்து, எந்த ஆணி, எந்த வயர், எப்படிப் பார்த்தேன் என்று முதலிலிருந்து செய்து காட்டச் சொல்வார். வயர் என்றால் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, விரலால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் தாள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாள், என்ன பார்த்தேன், என்ன மாற்றினேன் என்று என் கையால் எழுத வேண்டும். லைசன்ஸ் உள்ளவர் அவர் என்பதால் கையெழுத்து அவருடையது.

இன்னொரு விதியும் இருந்தது. பெரிய வேலை பார்த்த எந்த விமானத்தையும் முதலில் அவரே ஓட்டிப் பார்ப்பார். கைவைத்தவன் பக்கத்தில் ஏறி இருக்க வேண்டும். இதுதான் எனக்குச் சனியன். ஒன்பது வருடம் விமானம் திருத்தியவன்தான், ஆனால் பறப்பதென்றால் எனக்குப் பயம். முதல்தரம் கதவுப் பிடியை நான் பிடித்த பிடியில் பிடி கையோடு வந்துவிட்டது. கால்டர் அதைப் பார்த்து, இறங்கினதும் அதற்கும் ஒரு தாள் எழுதும்படி சொன்னார்.

இனிப் 'பிடிபட்ட' கதை. எங்கள் வீட்டில் எதை எழுதத் தொடங்கினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் எழுதுவதில்லை. பள்ளிக்கூடக் கொப்பி, கடிதம், மளிகைக்கடைத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு 'உ'. கை தானாகப் போட்டுவிடும். ஹேங்கர்த் தாள்களிலும் போட்டேன். முதல் கிழமையே கால்டர் அதைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். தடைகளை விலக்குகிற கடவுளுக்கு முதல் வணக்கம் என்று சொன்னேன். யானைமுகம் என்றதும் முகம் மலர்ந்தது. அவருடைய போர் விமானத்துக்கு மெக்கானிக்காக இருந்த ஒருவன், ஒவ்வொரு தரமும் அவர் ஏறுமுன் சில்லில் சோக்குக் கட்டியால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போடுவானாம். ஒருநாள் சோக் இல்லாமல் பற்பசையால் போட்டானாம். "விட்டிடும், இருக்கட்டும்" என்றார். இரண்டு வருடம் அப்படியே போனது.

எண்பத்தாறு தொடக்கத்தில் புதுத் தாள்கள் அச்சடித்து வந்தன. பழையதில் தலைப் பக்கம் வெறுமையாக இருக்கும். புதியதில் நட்ட நடு உச்சியில் ஒரு பெட்டி: 'இன்னும் திருத்தப்படாத குறைகள், எத்தனை?' வேலை எல்லாம் முடிந்தபின் அதற்குள் எண் எழுத வேண்டும். குறை ஒன்றும் இல்லையென்றால் பூச்சியம்.

நான் வழக்கம்போலத் தொடக்கத்தில் உச்சியில் 'உ' போட்டேன். வேலை முடித்து வந்து அதே பெட்டிக்குள், மிஞ்சியிருந்த இடத்தில், பூச்சியம் போட்டேன். அவசரத்தில் எழுதுகிற என் 'உ' எப்படி இருக்கும் தெரியுமா? அச்சாக இரண்டு. பக்கத்தில் பூச்சியம். இருபது.

அந்தப் புதுத் தாளில் முதலில் எழுதப்பட்ட விமானம் ஒரு பல் டொக்டருடையது. நான்கு பேர் இருக்கக்கூடிய சொந்த விமானம், வருடாந்தப் பரிசோதனைக்கு வந்திருந்தது. முழு வேலையும் நான்தான் செய்தேன். பதினொரு தாள். அதை எடுக்க வந்த அன்று நான் விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு போவதைக் கண்டு, யார் இதில் கைவைத்தது என்று டொக்டர் கேட்டார். கால்டர் என்னைக் காட்டினார். அந்தப் பாக்கியா என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. பாக்கிஸ்தான்காரன் என்பதைச் சுருக்கி, அந்நாளில் எங்கள் நிறத்தார் எல்லோரையும் அப்படித்தான் இழிவாகக் கூப்பிட்டார்கள். வந்த புதிதில் பஸ்ஸில் ஒருவன் அப்படிச் சொன்னபோது, நான் இவனுக்கு என்ன பாக்கி வைத்தேன் என்று வீடுவரை யோசித்துக்கொண்டு வந்தவன் நான். இப்போது விளங்கியது. கால்டர் கறுப்பர் என்பதை அந்த டொக்டர் போர்ப் பதக்கத்துக்காக மன்னித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. எனக்குப் பதக்கம் இல்லையே.

அவர் விமானத்தை எடுக்காமல், தாள்களின் பிரதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை போக்குவரத்து அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. பதினொரு தாளில் ஒவ்வொன்றிலும் இருபது குறை, ஆக இருநூற்றிருபது குறைகளோடு ஒரு விமானத்தைப் பறக்கலாம் என்று வெளியே விட்டிருக்கிறீர்கள், விமானத்தை நிறுத்திவையுங்கள், இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று எழுதியிருந்தது.

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அந்த வசந்தத்தில்தான் நான் லைசன்ஸுக்கு விண்ணப்பித்திருந்தேன். கையில் பழைய பத்திரம் ஒன்றும் இல்லாதவனுக்கு, கால்டரின் கீழ் எழுதிய இந்தத் தாள்கள்தான் தொழில் தெரியும் என்பதற்கு அத்தாட்சி. அவற்றில் பொய் எழுதியிருக்கிறான் என்று அந்த இன்ஸ்பெக்டர் ஒரு வரி எழுதினால், எனக்கு இந்த நாட்டில் கையெழுத்து வைக்கும் உரிமை சாகும்வரை கிடையாது. கீழே கையெழுத்து வைத்த கால்டரின் லைசன்ஸும் போகும். வீட்டில் சொன்னேன். சிவமலர் அடுப்பைத் தணித்தாள். பிறகு, "கனடா கவர்மென்ற் பிள்ளையாருக்கு எதிரா போட்ட முதல் கேஸ் இதாத்தான் இருக்கும்" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் எனக்கு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் கால்டரின் அறைக்குப் போய், நான் வேலையை விட்டுவிடுகிறேன், பிழை என்னுடையது மட்டும் என்று எழுதித் தருகிறேன் என்றேன். இருக்கச் சொன்னார். தாள்களை மேசையில் பரப்பினார். "இதிலை கையெழுத்து வைக்கேக்கை நான் பதினொரு தரம் பார்த்தனான். எனக்கு இது ஒருக்காலும் இரண்டாத் தெரியேல்லை. உம்மட பிள்ளையாராத்தான் தெரிஞ்சுது" என்றார். இரண்டு வருடமாக நான் என்ன எழுதுகிறேன் என்பதை அந்த மனிதர் வாசித்திருக்கிறார்.

அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் போரைப் பற்றிப் பேசினார். கறுப்பருக்கு விமானம் ஓட்ட மூளையும் இல்லை, துணிவும் இல்லை என்று அவர்களுடைய ராணுவத்தில் எழுத்திலேயே வைத்திருந்தார்களாம். கடைசியில் கறுப்பருக்கென்று அலபாமாவில் தனியாக ஒரு பயிற்சித் திடல் போட்டார்கள். வெள்ளைப் பெடியனுக்கு ஏச்சோடு போகிற பிழைக்குக் கறுப்புப் பெடியன் பெட்டியைக் கட்ட வேண்டும். தப்பி வந்தவர்களை இத்தாலிக்கு அனுப்பினார்கள். போன பிறகும், இவர்கள் எதிரி விமானங்களைப் போதிய அளவு விழுத்தவில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று மேலே புகார் போனது. அதனால் அவர்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரேயொரு ஆசைதான்: ஒன்றையாவது விழுத்திவிட வேண்டும்.

அப்போது அவர்களுக்குத் தந்த வேலை, ஜெர்மனிக்குள் போய்வரும் பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போவது. அவர்களுடைய தளபதியும் கறுப்பர்தான். அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. காவல் போகிற விமானத்தை விட்டு விலகாதே. ஒருநாள் காலை, பனிமலைக்கு மேலே, கால்டருக்குக் கீழே ஓர் எதிரி விமானம் புகை விட்டுக்கொண்டு தனியே போயிருக்கிறது. கீழே பாய்ந்து பத்து விநாடி துரத்தினால் அது அவருடையது. மறுநாள் பத்திரிகையில் பெயர் வரும், புகார் எழுதினவனின் வாய் அடையும். விரல் விசையில் இருந்ததாம். அவர் போகவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சூரியனுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு எதிரி விமானங்கள் குண்டுவீச்சு விமானத்தை நோக்கி இறங்கின. கால்டர் அங்கேயே நிற்பதைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டன.

அந்தக் குண்டுவீச்சு விமானம் எண்ணெய் போதாமல் அவர்களுடைய திடலிலேயே வந்து இறங்கியிருக்கிறது. அதை ஓட்டிவந்தவன் டெக்சஸ்காரன், இருபத்தொரு வயது இருக்குமாம். எங்களோடு வந்த ஓட்டிகள் எங்கே, கை குடுக்க வேணும் என்று கேட்டுக்கொண்டு வந்தவன், கால்டரைச் சமையற்காரன் என்று நினைத்து அவரிடமே கேட்டான். நான்தான் என்றார். அவன் நீட்டிய கை பாதியில் நின்றதாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "எண்ணிப் பார்த்தனான், ஐஞ்சு விநாடி, பிறகு வந்தது" என்றார். அன்றிரவு அவன் அவர்களுடைய கூடாரத்தில் சாப்பிட்டு, கடதாசிச் சீட்டு விளையாட்டில் எல்லாவற்றையும் தோற்றுவிட்டுப் போனான். ஒரு மாதம் போகவில்லை, அவனுடைய பிரிவிலிருந்து கோரிக்கை வந்தது, எங்களுக்குக் காவலுக்கு அந்தச் சிவப்பு வால்காரர்களை அனுப்புங்கள் என்று.

"நாங்கள் கெட்டிக்காரர் எண்டதுக்கு அத்தாட்சி என்ன தெரியுமோ? ஒண்டும் நடக்காமல் அவங்கள் வீட்டை போய்ச் சேர்ந்தது. ஒண்டும் நடக்காததை ஆர் எழுதி வைப்பினம்? உம்மட வேலையும் அப்பிடித்தான். போய் அந்தப் பிளேனைத் திறவும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு கட்டையான மனிதர், சிரிப்பென்ற சாமானை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். என் விளக்கத்தை முழுதாகக் கேட்டார். அது என் நம்பிக்கை, அதில் அவருக்குப் பிரச்சினை இல்லையாம். ஆனால் தாளில் இருபது என்று இருந்தால் சட்டத்துக்கு அது இருபது. ஆகவே பதினொரு தாளையும் முதலிலிருந்து அவர் முன்னால் செய்துகாட்ட வேண்டும். மூன்று நாள் எடுத்தது. நான் கழற்றினேன், காட்டினேன், பூட்டினேன். அவர் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு வரியாகக் குறித்தார். கால்டர் ஒரு நிமிடமும் ஹேங்கரை விட்டுப் போகவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் பத்துத் தாள் முடிந்துவிட்டது. பத்திலும் ஒன்றும் இல்லை. மிச்சம் ஒன்று, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோ. அதிலிருந்து சாவி வரைக்கும் ஒரு மெல்லிய வயர் ஓடும். சாவியை நிறுத்தியதும் அந்த வயர்தான் தீப்பொறியைக் கொல்லும். அந்த வயர் அறுந்தால், சாவி உங்கள் பொக்கற்றுக்குள் இருந்தாலும் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும். யாராவது முன்னாலிருந்து விசிறியைக் கையால் சுற்றினால் அது பற்றிக்கொள்ளும், கையோ தலையோ போகும். மீற்றரைப் பிடித்தேன். முள் பூச்சியத்தில் நின்றது, அதாவது வயர் நல்லம். இன்ஸ்பெக்டர் குனிந்து எழுதத் தொடங்கினார். கால்டர் விமானத்தின் மறுபக்கம் நின்றார்.

நான் வழக்கப்படி அந்த வயரை விரலால் மெல்ல அசைத்தேன். முள் ஒருதரம் துடித்தது. ஒரேயொரு தரம், திரும்பவும் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. என்னைத் தவிர யாரும் காணவில்லை.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். பேசாமல் இருந்தால் இன்றோடு முடிந்தது. பதினொரு பூச்சியம், லைசன்ஸ் வரும். இரவு தனியாக வந்து வயரை மாற்றிவிடலாம். வாயைத் திறந்தால், தாளில் குறை இல்லை என்று எழுதியவன் பொய்யன் என்று ஆகும், கால்டரும் சேர்ந்து விழுவார். முதல்தரம் பரிசோதித்தபோது நான் இதே வயரை அசைத்துப் பார்த்தேனா? பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது, இன்றுவரை முடியாது. ஆனால் அந்தப் பல் டொக்டர் குளிர் நாட்களில் விசிறியைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் எஞ்சினைத் தொடங்குவார். அதை நான் கண்டிருக்கிறேன். எனக்கு அவரைக் கண்டாலே பிடிக்காது. ஆனாலும் அவருடைய அந்தக் கை என் கண்ணுக்குள் நின்றது.

"சேர், இதிலை குறை ஒண்டு இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் எழும்பி வந்தார். வயரை அசைத்துக் காட்டினேன். மூன்று தரம் ஒன்றும் இல்லை, நான்காம் தரம் முள் துடித்தது. வயரை வெட்டி எடுத்து, மேலே இருந்த தோலை உரித்தோம். உள்ளே ஒரேயொரு இழை மட்டும் மிச்சம் இருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் நீண்ட நேரம் பிடித்துப் பார்த்தார். பிறகு பதினோராவது தாளை எடுத்து, இருபதை வெட்டிவிட்டு ஒன்று என்று எழுதினார். நான் புது வயர் போட்ட பிறகு அந்த ஒன்றையும் வெட்டிப் பூச்சியம் எழுதினார். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, "உம்மட கடவுளை இனிப் பெட்டிக்கு வெளியிலை வையும்" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அன்று இருட்டுமுன்பே நானும் கால்டரும் அந்த விமானத்தில் ஏறிப் பறந்தோம். எனக்குப் பயப்பட நேரமில்லை, கடிதம் என்ன வரும் என்ற யோசனைதான்.

அறுந்த வயரைக் கால்டர் பல் டொக்டரிடம் கொடுத்து, அது என்ன என்று விளக்கினார். டொக்டர் அதையும் பார்த்தார், தன் வலக்கையையும் பார்த்தார். நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. விமானத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சனி தொலைந்தது என்று நாங்கள் அன்று கேக் வெட்டினோம்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள், எழுதினேன், இலையுதிர்காலத்தில் தபாலில் லைசன்ஸ் வந்தது. என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள், அதுவே ஒரு சாதனை. சிவமலர் அதைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, கையில் தந்து வேலைக்கு அனுப்பினாள்.

ஹேங்கரில் எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் கால்டரின் அறைக்குள் போய் இருந்து, சந்தோசப்படுகிறதை விட்டுப் புறுபுறுக்கத் தொடங்கினேன். மூன்று நாள் என்னைக் குற்றவாளியைப்போல நிறுத்தி ஆணி ஆணியாக எண்ணினார்களே, ஒரு வெள்ளைக்காரனை இப்படிச் செய்திருப்பார்களா என்று கேட்டேன். இரண்டு வருடமாக அடக்கி வைத்த கோபம், எல்லாம் வந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகு மேசையின் கடைசி லாச்சியைத் திறந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். போரில் அவர் பறந்த ஒவ்வொரு பறப்பும் எழுதிய அவருடைய பறத்தல் புத்தகம்.

போர் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, இந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்து ஒரு விமானக் கொம்பனிக்கு வேலை கேட்டுப் போனாராம். மேசையில் இருந்தவன் புத்தகத்தை ஒரு விரலால் திருப்பித் தள்ளிவிட்டு, தரை துடைக்க ஆள் தேவை என்றானாம். அடுத்த கொம்பனியிலும் அப்படி. அதற்கடுத்ததிலும் அப்படி. அதன் பிறகுதான் கனடாவுக்கு வந்து வயலுக்கு மருந்தடிக்கிற விமானம் ஓட்டினார், எஞ்சின் படித்தார், இந்த ஹேங்கருக்கு வந்தார். இதைச் சொன்னபோது அவருடைய குரலில் கோபம்கூட இல்லை.

"உம்மட பேப்பரை ஒவ்வொரு வரியா வாசிச்சாங்கள். குறை பிடிக்கத்தான் வாசிச்சாங்கள், எனக்குத் தெரியும். ஆனா வாசிச்சாங்கள். இந்தப் புத்தகத்தை நாற்பது வருசமா ஒருத்தரும் திறந்து பார்க்கேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரேயொரு விதமாகத்தான் அதை வாசித்தேன்: முதல் வரியிலிருந்து, விரல் வைத்து. நாள், விமானம், எங்கே போனது, எத்தனை மணி. சின்ன, சுத்தமான எழுத்து. கூட்டல்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மதியச் சாப்பாடு போனது. கால்டர் வேறு வேலை செய்வதுபோல ஒரே தாளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மார்கழி மாதப் பக்கத்தின் அடியில் நின்றுவிட்டேன். திரும்பக் கூட்டினேன். மூன்றாம் தரமும் அதே விடைதான் வந்தது. "சேர், இதிலை கூட்டல் பிழைச்சிருக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும் கூட வரவேணும்" என்றேன்.

நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சிலால் தானே கூட்டினார். பிறகு அந்தப் படத்தில் சிரிப்பதுபோல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை. பேனையை என்னிடம் நீட்டி, திருத்தி எழுதி லைசன்ஸ் இலக்கத்தோடு கையெழுத்து வைக்கச் சொன்னார். இது ஓட்டியின் புத்தகம், நான் மெக்கானிக், எனக்கு இதில் உரிமை இல்லை என்றேன். "வையும்" என்றார்.

வைத்தேன். கனடாவில் என் சொந்த லைசன்ஸில் நான் வைத்த முதல் கையெழுத்து, ஒரு போர்ப் புத்தகத்தில், வேறொரு மனிதருக்கு எண்ணாமல் விடுபட்ட ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது செல்லாது என்று சொல்ல இதுவரை ஒரு இன்ஸ்பெக்டரும் வரவில்லை.